பிக்கப்புக்குப் பெரிய டேங்க்: வேலந்தாவளத்திலிருந்து உக்கடம் வரை

பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் பிக்கப் ஓட்டுகிறவர்களைக் கேட்டால், கேரள-தமிழ்நாடு எல்லையிலுள்ள வேலந்தாவளம் செக்போஸ்டுக்கு இந்தப் பக்கம் டீசல் என்ன விலை, அந்தப் பக்கம் என்ன விலை என்று பைசா சுத்தமாகச் சொல்வார்கள். தமிழ்நாட்டுப் பக்கம் லிட்டருக்கு ஏறக்குறைய மூன்று ரூபாய் குறைவு. 2023 ஏப்ரலில் கேரள அரசு பெட்ரோலுக்கும் டீசலுக்கும் லிட்டருக்கு 2 ரூபாய் சமூகப் பாதுகாப்பு செஸ் போட்டதிலிருந்து, தமிழ்நாட்டுப் பக்கத்து பெட்ரோல் பங்குகளில் கேஎல் நம்பர் வண்டிகள் வரிசையில் நிற்பது சாதாரணமாகிவிட்டது.

தங்கச்சி வீட்டுக்காரர் அங்கே பொலிரோ பிக்கப்பில் காய்கறி லோடு அடிக்கிறார். வேலந்தாவளம் சந்தையில் ஏற்றி எர்ணாகுளம், ஓணம் சமயத்தில் திருவனந்தபுரம் சாலை மார்க்கெட் வரைக்கும். நான் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்திலிருந்து வந்து இறங்கியதுமே பிடித்துக்கொண்டார். “மச்சான், உங்க ஊர்ல வண்டிக்குப் பெரிய டேங்க் மாத்துவாங்கல்ல? இங்கயும் போட முடியுமான்னு விசாரிச்சுக் குடுத்துட்டுப் போங்க.” விடுமுறையில் பாதி இதிலேயே போயிற்று. விசாரித்ததை எழுதி வைத்தால் எல்லையோரத்தில் வண்டி வைத்திருக்கிற வேறு யாருக்காவது உதவும்.

மேற்கு ஆஸ்திரேலியாவில் இந்த ஆசைக்குக் காரணமே வேறு. நல்லார்பர் சமவெளிப் பாதையில் ஒரு பங்கை விட்டால் அடுத்தது 150, 200 கிலோமீட்டர் தள்ளி இருக்கும். ஹைலக்ஸில் கம்பெனி டேங்க் 80 லிட்டர். அதைக் கழற்றிவிட்டு 140 லிட்டர் வரை பிடிக்கிற டேங்க் மாட்டுகிறார்கள். ஆயிரத்து ஐந்நூறு டாலருக்குக் குறையாது. அந்தக் காசில் இரும்புக்குப் போவது கொஞ்சம்தான். இந்த மாடலுக்கென்றே வடிவமைத்த டேங்க், இந்த விதிகளுக்கு உட்பட்டது என்று கையில் தருகிற காகிதத்துக்குத்தான் மிச்சம். (விலை விஷயத்தில் ஒரு ஒற்றுமை உண்டு. அங்கேயும் இங்கேயும் டீசல் விலை மாறுவது காலை 6 மணிக்கு. அங்கே மட்டும் நாளைய விலையை முந்தின நாளே அறிவித்துவிட வேண்டும்.)

முதலில் போனது ஒரு கம்பெனி சர்வீஸ் சென்டர். ஏசி, காபி, டோக்கன் எல்லாம் உண்டு. கேட்டதற்குப் பதில் மட்டும் இல்லை. முன் மேசையில் இருந்த தம்பி “பாசிபிள் இல்ல சார்” என்றார். ஏன் என்று கேட்டால் மேனேஜர், மேனேஜரைக் கேட்டால் மதியத்துக்கு மேல். வாரன்டி போய்விடும் என்ற ஒரு வரியைச் சொல்ல அத்தனை நேரம் உட்கார வைத்தார்கள். அப்புறம் ஃபீட்பேக்குக்கு மட்டும் போன் மேல் போன்.

கோவை உக்கடத்துப் பட்டறை இதற்கு நேர் எதிர். பழைய ஸ்பேர் கடைகளைத் தாண்டி ஒரு சந்தில், லாரி டேங்க் மட்டுமே செய்கிற பெரியவர் ஒருவர். உட்காரச் சொல்லக்கூட நாற்காலி இல்லை. ஆனால் வண்டிக்கு அடியில் தவழ்ந்து போய், டேப் வைத்து அளந்து, சாக்பீஸால் தரையிலேயே படம் போட்டுவிட்டார். “தம்பி, டேங்க் பெருசு பண்றது வித்தை இல்லீங்க. உள்ள டீசல் ஆடாம இருக்கோணும், அதுதானுங்க வேலை.” பாதி நிறைந்த டேங்கில் பிரேக் போட்டால் டீசல் மொத்தமும் முன்னால் பாயும், வளைவில் பக்கவாட்டில் மோதும். அதனால் உள்ளே ஓட்டை போட்ட தடுப்புத் தகடுகள் வைத்து வெல்டு பண்ண வேண்டும். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. தகட்டில் செய்தால் மலிவாகுமே என்று கேட்டேன், தலையை ஆட்டிவிட்டார். துத்தநாகம் டீசலில் கரைந்து பிசுக்காகி ஃபில்டரையும், இன்ஜினுக்குள் டீசலைத் தெளிக்கிற இன்ஜெக்டரையும் அடைத்துவிடுமாம். பெர்த்திலும் இதையே சொல்வார்கள், அங்கே அலுமினியம் பூசிய தகடு. அதிக அழுத்தத்தில் டீசலைச் செலுத்துகிற ‘காமன் ரெயில்’ வகை இன்ஜினுக்கு வெல்டிங் கசடு ஒரு துகள் போனாலும் இன்ஜெக்டர் செலவு டேங்க் செலவைத் தாண்டும் என்பதால், முடித்ததும் இரண்டு தடவை கழுவிக் காற்றடித்து, சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி பார்ப்பாராம். டீசல் அளவு காட்டுகிற மிதவையான பழைய ஃப்ளோட்டைப் புது டேங்கில் மாட்டினால் மீட்டர் முள் பொய் சொல்லும், அதற்கும் கம்பியை வளைத்துச் சரி செய்ய வேண்டும். எல்லாம் சேர்த்து 14,000 ரூபாய் சொன்னார். கை வேலை பெர்த்தில் நான் பார்த்ததற்குக் கொஞ்சமும் குறைந்ததில்லை. ரசீது கேட்டேன். துண்டுச் சீட்டில் “டேங்க் வேலை” என்று எழுதித் தருவாராம்.

அந்தச் சீட்டை வைத்துக்கொண்டு கேரளாவில் வண்டியின் தகுதிச் சான்றுக்கு (எஃப்.சி.) போக முடியுமா என்பதுதான் கேள்வி. சரக்கு வண்டிக்கு எட்டு வருஷம் வரை இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை, அதற்கப்புறம் வருஷா வருஷம் எஃப்.சி. பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் ஆர்.டி. ஆபீஸில் ஒரு அதிகாரியிடம் கேட்டோம். நாங்கள் தமிழில் கேட்க, அவர் மலையாளத்தில் சொல்ல, இரண்டு பேருக்கும் நன்றாகவே புரிந்தது. இந்தப் பயணத்தில் கிடைத்த தெளிவான பதில் அவருடையதுதான். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவின்படி, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாகப் பதிவுச் சான்று (ஆர்.சி.) விவரம் ஆகிவிடுகிற மாதிரி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதைக் கறாராகச் சொன்னதே கேரளாவிலிருந்து போன வழக்கில்தான். “ஆர்.சி.யில் டேங்குக்குக் கட்டம் கிடையாது, ஆனால் காலி எடைக்கு இருக்கிறது. எஃப்.சி. பார்க்கிறவர் மடக்கினால் கழற்றிவிட்டுத்தான் வர வேண்டும்” என்பது அவர் பேச்சின் சாரம். இன்சூரன்ஸ் ஏஜென்டும் சுற்றி வளைக்கவில்லை. சொல்லாமல் மாற்றியது தெரிந்தால் கிளெய்மில் கம்பெனி அதைத்தான் முதலில் பிடிக்கும் என்றார்.

இதற்குள் கணக்கும் போட்டுப் பார்த்தேன். இப்போதைய டேங்க் அறுபது லிட்டருக்குச் சற்றுக் குறைவு. லோடோடு லிட்டருக்கு 11 கிலோமீட்டர் என்றால் எர்ணாகுளம் போய்வர முப்பது லிட்டர் போதும். திருவனந்தபுரம் போய்வர 700 கிலோமீட்டர், ஏறக்குறைய 64 லிட்டர். அதாவது ஓணம் நடைகளில் மட்டும், கேரளப் பக்கம் பத்து இருபது லிட்டர் போட வேண்டி வரும். ஒரு நடைக்கு நஷ்டம் முப்பதிலிருந்து அறுபது ரூபாய். அந்த 14,000 திரும்ப வர எத்தனை ஓணம் ஆகும்? கூடுதலாக 60 லிட்டர் நிரப்பினால் ஐம்பது கிலோ எடை வேறு. 15 கிலோ தக்காளிப் பெட்டி மூன்றுக்கு மேல் குறைத்து ஏற்ற வேண்டும். மாப்பிள்ளை முகம் சுருங்கியது இந்தத் தக்காளிக் கணக்கில்தான், சட்டத்துக்கு அவர் அசரவில்லை.

வேண்டாம் என்று சொல்ல மறுபடி உக்கடம் போனபோது பெரியவர் கோபப்படவில்லை. “ஃபுல் டேங்க் போட்டா எத்தனை லிட்டர் புடிக்குதுங்க?” என்று கேட்டார். முள் அடியில் கிடக்கும்போது போட்டாலும் 45-இலேயே பங்கு நாசில் கட்டாகிவிடும் என்றார் மாப்பிள்ளை. பெரியவர் மறுபடி அடியில் தவழ்ந்தார். பிரீதர் குழாய் ஒரு கிளாம்புக்கு அடியில் மடங்கிக் கிடந்தது. டேங்கிலிருந்து காற்று வெளியேற வழியில்லாமல் டீசல் எதிர்த்து ஏறி, நாசில் முன்னதாகவே நின்றிருக்கிறது. குழாயை மாற்றி, கிளாம்பைத் தள்ளிப் போட்டு, 350 ரூபாய் வாங்கிக்கொண்டார். அடுத்த தடவை வேலந்தாவளத்தில் 52 லிட்டர் பிடித்தது.

அந்தப் பட்டறைகளுக்குப் போகிறவர்கள் டீசலை முடிந்தவரை ஓட்டித் தீர்த்துவிட்டுப் போங்கள். நிறைந்த டேங்கைப் பெரியவர் இறக்க மாட்டார், வெல்டிங் வேலை என்றால் முதல் நாளே கழற்றிக் கழுவ விட்டாக வேண்டும்.