வேலூரில் ஒரு நீர்ப் பரிசோதனைக்கூடம்: ஒரே பாட்டிலில் இரண்டு சோதனை

ராணிப்பேட்டையில் குரோமேட் (குரோமியம் என்ற உலோகம் சேர்ந்த வேதிப்பொருள்) தொழிற்சாலைக் கழிவு மலைபோல் குவிந்து கிடக்கும் பகுதிக்குச் சற்றுத் தள்ளி எங்கள் கிணறு இருப்பதால், அதன் நீரைச் சோதிக்க வேலூரில் உள்ள தனியார் பரிசோதனைக்கூடம் ஒன்றை நாடினேன். கட்டணம் நியாயமானது, அறிக்கையும் சொன்ன நாளில் வந்தது.

குறை, மாதிரி எடுத்த விதத்தில் இருந்தது. நைட்ரிக் அமிலம் சில சொட்டுகள் விட்ட ஒரே பிளாஸ்டிக் பாட்டிலில், மொத்தக் குரோமியத்துக்கும், அதன் நச்சு மிகுந்த வடிவமான குரோமியம்-6க்கும் சேர்த்தே நீர் பிடித்தார்கள். துத்தநாகம், செம்பு போன்ற உலோகங்களை அமிலம் நீரில் கரைத்து வைத்திருக்கும். சுண்ணாம்பு சேர்த்து நீரைக் காரமாக்கினால் அவை பெரும்பாலும் படிந்துவிடும். குரோமியம்-6 அப்படியல்ல, காரநீரிலும் கரைந்து நகரும், அமிலம் பட்டாலோ நீரிலுள்ள கரிமப் பொருளோடு வினைபுரிந்து, நச்சு குறைந்த குரோமியம்-3ஆக மாறிவிடக்கூடும். ஆகவே, மொத்தக் குரோமியம் இந்தியத் தரமான லிட்டருக்கு 0.05 மில்லிகிராமைத் தாண்டியிருக்க, குரோமியம்-6 மட்டும் 'கண்டறியப்படவில்லை' என்றிருந்ததை நான் நம்பவில்லை. (வெள்ளைக் குவளையில் ஊற்றினால் மஞ்சள் சாயல் கண்ணுக்கே தெரிகிறது.)

எடுத்துச் சொன்னதும், மேலாளர் மறுப்பேதும் கூறாமல், அமிலம் சேர்க்காத பாட்டிலைப் பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து எடுத்துப்போய், அன்றைக்கே கட்டணமின்றிச் சோதித்துத் தந்தார். இம்முறை குரோமியம்-6 தெரிந்தது. அங்கே செல்பவர்கள் இரண்டு பாட்டில்களைக் கேட்டு வாங்கவும்.