சிட்ரிக்ஸ் டைரக்டர்: ஹெல்ப்டெஸ்க்காரனின் அனுபவம்

"அண்ணா, லாகின் சுத்திக்கிட்டே இருக்கு!" ஷிஃப்ட் மாறும் நேரத்தில் எங்கள் போன் இப்படித்தான் அலறும். முன்பெல்லாம் நெட்வொர்க் டீம் சர்வர் டீமைக் கைகாட்டும். அவர்கள் ஸ்டோரேஜைக் காட்டுவார்கள்.

இப்போது கையில் டைரக்டர் இருக்கிறது: சர்வரில் ஓடும் சிட்ரிக்ஸ் டெஸ்க்டாப்களைக் கண்காணிக்கும் கருவி. அதில் பயனர் பெயரை அடித்தால் லாகின் நேரம் துண்டு துண்டாகப் பிரிந்து வருகிறது: புரோக்கரிங் (எந்த மெஷின் என்று ஒதுக்குவது), அங்கீகாரம், குரூப் பாலிசி (கம்பெனி விதிகளை ஏற்றுவது), ஸ்கிரிப்ட், புரொஃபைல் லோடு (பயனரின் அமைப்புகளும் கோப்புகளும் ஏறுவது). போன மாதம் ஒரு தம்பிக்கு மொத்தம் 94 விநாடி. அதில் 71 விநாடியைப் புரொஃபைலே தின்றது. திறந்து பார்த்தால் டெஸ்க்டாப் முழுக்க அக்கா கல்யாண வீடியோ. (சாப்பாட்டுப் பந்தி நன்றாக எடுத்திருந்தார்கள்.)

ஐசிஏ ஆர்டிடி என்ற எண்ணைத்தான் நான் அதிகம் பார்ப்பேன். விசையைத் தட்டியதிலிருந்து பதில் திரையில் தெரியும்வரை ஆகும் நேரம் அது. எங்கள் ஆட்களுக்கு 300 மில்லிவிநாடி தாண்டினால் பொறுமை போய்விடும். ஆனால் கோளாறு வீட்டு வைஃபையிலா, வெளி லைனிலா என்று அந்த எண் மட்டும் சொல்லாது. அதற்குத் தனியாகத் தோண்ட வேண்டும். பழைய விவரம் எவ்வளவு நாள் தங்கும் என்பதும் லைசென்ஸைப் பொறுத்தது. வாங்கும்முன் கேட்டுவிடுங்கள்.

பயனரின் திரையைப் பார்ப்பது, புரொஃபைலை ரீசெட் செய்வது எல்லாம் டைரக்டரிலிருந்தே முடிகிறது. ரீசெட்டை மட்டும் புதுப் பையன்கள் கையில் இன்னும் கொடுக்கவில்லை.