வன்னியில் இருந்துகொண்டு மாதிரி ரயில் சாமான் மலிவாக வாங்குவது: நீண்டகாலப் பாவனை அனுபவம்

கிளிநொச்சியில் மாதிரி ரயில் சாமான் விற்கிற கடை கிடையாது. வவுனியாவிலும் நான் கண்டதில்லை. விளையாட்டுச் சாமான் கடைகளில் இருப்பது பற்றறி போட்டு ஓட்டுகிற பிளாஸ்டிக் ரயில். தண்டவாளம் வழியாக மின்சாரம் எடுத்து ஓடுகிற அசல் மாதிரிகள் வேண்டுமென்றால் இபேயில் பழசாகப் பிடித்து, வெளிநாட்டில் இருக்கிற சொந்தக்காரர் வீட்டுக்கு அனுப்பிவைத்து, அவர்கள் ஆடி ஆவணியில் நல்லூருக்கோ மடுவுக்கோ வரும்போது சூட்கேசுக்குள் கொண்டுவரச் சொல்லவேண்டும். பல வருடமாக அப்படித்தான் வாங்குகிறேன். எது உண்மையிலேயே மலிவு, எது பிறகு செலவு வைக்கிறது என்று நன்றாகவே பிடிபட்டிருக்கிறது.

என் கணக்கு இதுதான்: பழுதானால் வன்னியில் கிடைக்கிறதை வைத்து என் மேசையில் திருத்த முடிகிற சாமான்தான் மலிவான சாமான். இங்கிலாந்தில் இருப்பவருக்குப் பிடிக்காவிட்டால் திருப்பி அனுப்பிவிடலாம். நாங்கள் திருப்பி அனுப்பப் போனால் தபால் செலவே சாமானின் விலையைத் தாண்டிவிடும். அதனால் திருகாணியைக் கழற்றித் திறக்கக்கூடிய பழைய எஞ்சினைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

இங்கிலாந்துக் கொம்பனியான ஹோர்ன்பி, இத்தாலியின் லீமா இரண்டினதும் பழைய எஞ்சின்கள் இந்த வகையில் அருமையானவை. விற்பவர் 'சோதித்துப் பார்க்கவில்லை' என்று எழுதியிருந்தால், ஓடாது என்றே வைத்துக்கொண்டு அந்த விலைக்கு மட்டும் கேளுங்கள். ஓடாதவற்றில் பெரும்பாலானவை செத்துப்போனவை அல்ல. எண்ணெய் காய்ந்து பிசினாகியிருக்கும், அல்லது சுற்றுகிற மோட்டருக்கு மின்சாரம் கொடுக்கிற கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கும். மோட்டரைத் திறந்தால் செப்பு வளையம் ஒன்று மூன்று துண்டாகப் பிரிந்திருப்பது தெரியும். அந்தத் துண்டுகளுக்கு நடுவே மயிரிழை இடைவெளி. அதற்குள் கரித்தூள் அடைந்து ஒரு துண்டையும் அடுத்த துண்டையும் இணைத்துவிடும். மோட்டர் முனகும், சூடாகும், சுற்றாது. பல்குத்துகிற குச்சியால் அந்தக் கரியை நோண்டி எடுத்து, ஐசோபுரொப்பைல் அற்ககோலில் தோய்த்த பஞ்சால் செப்பைத் துடைத்து, தண்டுக்குத் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டால் போதும். நாற்பது வருடப் பழசு கூட எழும்பி ஓடும்.

லீமாவின் தட்டை மோட்டர் எரிந்தே போயிருந்தாலும் விடவேண்டாம். பழைய சீடி பிளேயர்களில் வட்டமான சின்ன மோட்டர் இருக்கிறது அல்லவா, அதைப் பொருத்துவது உலகம் முழுக்க இந்தப் பொழுதுபோக்கில் உள்ளவர்கள் செய்கிற வேலை. ரேடியோ, டீவி திருத்துகிற கடையில் கழிவுப் பெட்டியைக் கிளறினால் கிடைக்கும். அது குறைந்த வோல்ட்டேஜ் மோட்டர் என்பதால் தொடரில் ஒரு ரெசிஸ்டர் போட்டுக்கொள்ளவேண்டும். நான் மாற்றியவை முந்தியதைவிட மெதுவாக, அமைதியாக ஓடுகின்றன.

விலை எவ்வளவு குறைந்தாலும் தொடாதவை இரண்டு உண்டு. ஒன்று, அடிச்சட்டம் வெடித்த எஞ்சின். சட்டத்தை வார்க்கிற நாக உலோகக் கலவையில் ஈயம் கலந்திருந்தால் பல வருடம் கழித்து அது உள்ளிருந்தே வீங்கி, வளைந்து, பொரிந்து உடையும். விற்பவர் போட்ட படத்தில் எஞ்சினின் மேற்கூடு சட்டத்தோடு பொருந்தாமல் நடுவிலோ முனையிலோ தூக்கிக்கொண்டு நிற்கிறதா என்று பெருப்பித்துப் பாருங்கள். அதற்கு வைத்தியம் இல்லை. மற்றது ஜெர்மன் கொம்பனியான மார்க்ளினின் சாமான். தரத்தில் அதற்கு நிகரில்லை, ஆனால் எங்களுக்கு ஒத்துவராது. ஜெர்மனியில் இருக்கிற சித்தப்பா ஒருமுறை பழஞ்சாமான் சந்தையில் நின்று அழைத்தார்.

"தம்பி, நல்ல கனமான எஞ்சின், தண்டவாளத்தோட சேத்துத் தாறானாம். எடுக்கட்டோ?"

"சித்தப்பா, தண்டவாளத்துக்கு நடுவில வரிசையாப் புள்ளி மாதிரிக் கிடக்கோ?"

"ஓம், கிடக்கு."

"அப்ப வேண்டாம்."

அந்தப் புள்ளிகள் வழியாகத்தான் மார்க்ளினுக்கு மின்சாரம் ஏறுகிறது. எங்கள் ஹோர்ன்பி, பாக்மன், கட்டோ எல்லாம் இரண்டு தண்டவாளத்தில் 12 வோல்ட் டிசியில் ஓடுபவை. இரண்டையும் கலக்க முடியாது. வாங்கித் தருகிறவர் ரயில் தெரியாதவராக இருந்தால் இந்த ஒரு கேள்வியை முதலிலேயே சொல்லிவைத்துவிடுங்கள்.

தண்டவாளத்தில் மட்டும் மிச்சம்பிடிக்காதீர்கள். பாக்மன் ஈசி டிராக் இரண்டு விதமாக வரும்: அடித்தளம் கறுப்பு என்றால் தண்டவாளம் இரும்பு, சாம்பல் நிறம் என்றால் நிக்கல் சில்வர் என்கிற, துருப்பிடிக்காத செப்புக் கலவை. கறுப்பு விலை குறைவு, பழைய சாமான் கட்டுகளில் கொட்டிக் கிடக்கும். எங்கள் மாரியில் அது தாங்காது. ஐப்பசி மழை தொடங்கி ஈரக்காற்று அடிக்க, கொஞ்ச நாளிலேயே மேற்புறம் செம்பழுப்பாகி எஞ்சின் விக்கி விக்கி ஓடும். பித்தளைத் தண்டவாளமும் வேண்டாம். அதில் படிகிற களிம்பு மின்சாரத்தை மறிக்கும், ஒவ்வொரு முறையும் துடைத்துக்கொண்டே இருக்கவேண்டும். என்னிடம் இருக்கிற பழைய பீக்கோ நிக்கல் சில்வர்த் துண்டுகள் பல மாரி கண்டவை. அற்ககோல் துணியால் ஒரு இழுப்பு, ஓட்டம் சீராகிவிடும்.

பலகைக்கு வருவோம். கறையானுக்கு மலிவு ப்ளைவுட் என்றால் அல்வா. மரக்காலையில் துண்டு விழுகிற முதிரையையோ பாலையையோ சட்டமாக எடுத்தேன். கனம்தான், ஆனால் இன்றுவரை ஒரு புற்று ஏறவில்லை.

மின்சாரத்தில் ஒரு எச்சரிக்கை. ஜப்பானிலிருந்து வருகிற கட்டோ செட்கள் கொள்ளை மலிவாகக் கிடைக்கும். ரயிலுக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் அதோடு வருகிற பவர் பெட்டி பெரும்பாலும் அங்கத்தைய 100 வோல்ட்டுக்குச் செய்தது. அமெரிக்கப் பெட்டி 120 வோல்ட். எங்கள் வீட்டுச் சுவரில் இருப்பது 230. செருகினால் அவ்வளவுதான். அந்தப் பெட்டியை விட்டுவிட்டு ரயிலை மட்டும் அனுப்பச் சொல்லுங்கள், பார்சலின் பாரமும் பாதியாகும். நான் 12 வோல்ட் அடாப்டர் ஒன்றோடு, மோட்டர் வேகம் கட்டுப்படுத்துகிற சின்னப் பலகை ஒன்றைச் சேர்த்து வைத்திருக்கிறேன். அதற்கும் தண்டவாளத்துக்கும் இடையில், தொடரில், மோட்டார் சைக்கிள் உதிரிப்பாகக் கடையில் வாங்கிய 12 வோல்ட் 21 வாட் பிரேக் பல்ப். பெட்டி தடம்புரண்டு சோர்ட் ஆனால் பல்ப் பளிச்சென்று எரியும். வயரும் எரியாது, மோட்டரும் எரியாது. இந்தப் பல்புக்குக் கொடுத்த காசைப்போல வேறெதுவும் எனக்குப் பலன் தந்ததில்லை. 2022 மின்வெட்டுக் காலத்தில் அடாப்டரைக் கழற்றிவிட்டு, ஃபியூஸ் ஒன்றும் போட்டு, மோட்டார் சைக்கிள் பற்றறியிலேயே ஓட்டினோம். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் வந்து இருட்டில் சுற்றி இருந்து பார்த்தார்கள்.

அதே வருடம்தான் டொலர் 200 ரூபாயிலிருந்து சில மாதத்துக்குள் 360க்குப் போனது. வெளியிலிருந்து வேலைக் கருவிகள் வாங்குவதை அன்றோடு விட்டேன். அது நல்லதாகவே முடிந்தது, ஏனென்றால் இந்த வேலைக்குத் தேவையான கருவி எங்கள் ஊர்களில் ஏற்கெனவே வேறு கைகளில் இருக்கிறது. நகை வேலை செய்கிற பத்தரிடம் கேளுங்கள். மெல்லிய அரம், கூர்ச் சாமணம், நூல் மாதிரியான அலகு போடுகிற கைவாள் எல்லாம் அவர் தினமும் பிடிக்கிறவை. தங்கத்துக்குத் தேய்ந்துபோன அரம் பிளாஸ்டிக்குக்குத் தாராளம். பெரும்பாலும் சும்மாவே தருவார். ஆனால் அவர் பாவிக்கிற அரத்தை இரவல் வாங்கி ஈயப்பற்றில் தேய்க்காதீர்கள். ஈயத்தூள் துளி தங்கத்தில் கலந்தாலே தங்கம் வெடிக்கும், அவருக்குப் பெரிய நட்டம். மாதிரி வேலைக்கென்று விற்கிற கத்தியும் தேவையில்லை. பார்மசியில் 11ஆம் நம்பர் சத்திரசிகிச்சை அலகும் 3ஆம் நம்பர் பிடியும் வாங்கினால் அதைவிடக் கூர், விலையும் குறைவு.

நுணுக்கமாக அளவு எடுக்கிற சீனத்து டிஜிட்டல் வேர்னியர் விலைக்கு மோசமில்லை. நிறுத்திவைத்தாலும் பற்றறியைக் குடிக்கும், வேலை முடிந்ததும் கழற்றி வையுங்கள். மலிவு ஸ்குரூ ட்ரைவர் செட் மட்டும் சரிவராது. நுனி மெது, இறுகிய பழைய திருகாணியில் வைத்துத் திருப்ப நுனி மழுங்கும், திருகாணியின் வெட்டும் போய்விடும். ஈயம் பற்றவைக்க வெப்பம் கூட்டிக் குறைக்கக்கூடிய அயன் ஒன்றுக்குக் காசு செலவழியுங்கள். 63/37 ஈயம், அதாவது 63 பங்கு வெள்ளீயமும் 37 பங்கு ஈயமும் கலந்தது, 183 பாகை செல்சியஸில் உருகும். தண்டவாளத்தின் இரண்டு பக்கமும் ஈரப்பஞ்சு வைத்துவிட்டு, சூடான அயனை ஒரே தொடுதலில் வைத்து எடுத்தால் தண்டவாளத்தின் கீழே இருக்கிற பிளாஸ்டிக் சிலிப்பர்க் கட்டை உருகாது.

வெளிநாட்டுச் சேகரிப்பாளர் கழித்துவிடுகிற ஒரு சாமான் எங்களுக்குப் பொக்கிஷம்: கூடு உடைந்து சட்டம் மட்டும் நல்லாயிருக்கிற எஞ்சின். அவருக்கு அந்த இங்கிலாந்துக் கூடு வேண்டும். எங்களுக்கு அது தேவையே இல்லை. நான் செய்வது கொழும்பு - யாழ்ப்பாண ரயிலான யாழ்தேவி. 1954 முதல் கனடாவிலிருந்து வந்து, அல்பேட்டா, ஒன்ராறியோ என்று மாகாணப் பெயர் தாங்கிய எம்2 எஞ்சினின் கூட்டைப் பிளாஸ்டிக் தாளில் நானே வெட்டி ஒட்டுகிறேன். எங்கள் பாதையின் அகலம் 1676 மில்லிமீட்டர். 1:76 அளவில் அது 22 மில்லிமீட்டராக இருக்கவேண்டும், கடையில் வருகிற தண்டவாளம் 16.5 தான். பக்கவாட்டில் நின்று பார்த்தால் அந்த வித்தியாசம் கண்ணில் படாது. 1990க்குப் பிறகு தண்டவாளமே இல்லாமல் கிடந்த கிளிநொச்சியில், 2013 செப்டெம்பரில் ரயில் திரும்பி வந்தது. நான் செய்கிற நிலையமும் அதுதான். செம்மண்ணை வீட்டு வளவில் அரித்து எடுத்தேன், அதற்கு விலையில்லை.

இப்போது தேடுவது பயணிகள் பெட்டிக்கான சில்லுத் தொகுதிகள். கூடு இல்லாவிட்டாலும் பரவாயில்லை. 16.5 மில்லிமீட்டர், உலோகச் சில்லு, யாராவது விற்க நினைத்தால் சொல்லுங்கள். மாற்றுக்குத் தர என்னிடம் ஓடுகிற லீமா எஞ்சின் ஒன்று மேலதிகமாக இருக்கிறது.