லேபிள் இல்லாத வீசிங் பொடி: மதுரைப் பக்கத்துப் பெற்றோர் கவனத்துக்கு

முதலில் ஒரு விஷயம். உங்கள் பிள்ளைக்கு வீசிங்குக்கென்று பேப்பரில் மடித்த பொடியை வாரக்கணக்கில் கொடுத்து வருகிறீர்கள் என்றால், இதைப் படித்துப் பயந்து நாளைக் காலையிலேயே சட்டென்று நிறுத்திவிடாதீர்கள். பொட்டலத்தைக் கையோடு எடுத்துக்கொண்டு நாளைக்கே ஒரு குழந்தை மருத்துவரிடம் போங்கள். ஏன் என்பதைச் சொல்கிறேன்.

எங்களுக்குச் செல்லூர். மகளுக்கு மூன்று வயது முடிந்து நாலு நடக்கிறது. போன மார்கழிப் பனியில் பிடித்த சளி அவளை விடவே இல்லை. ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்து இருமுவாள். முதுகில் காது வைத்தால் உள்ளே விசில் மாதிரிச் சத்தம் கேட்கும். குழந்தை மருத்துவர் பார்த்துவிட்டு மாஸ்க் வைத்த ஸ்பேசரும் (மருந்தை உள்ளே இழுக்க உதவும் குழாய்) பஃப்பும் (இன்ஹேலர்) எழுதிக் கொடுத்தார். ஒன்று இழுப்பு வரும்போது அடிக்க, இன்னொன்று வராமல் தடுக்க. தடுக்கிற பஃப்பை நன்றாக இருக்கிற நாளிலும் காலை, மாலை விடாமல் கொடுக்க வேண்டும் என்று இரண்டு தடவை சொன்னார்.

நான் கேட்கவில்லை. "இந்த வயசுலயே பஃப்பா? பழகிட்டா காலத்துக்கும் விட முடியாது" என்று அத்தை சொன்னார். எதிர்வீட்டு அக்காவும் அதையேதான் சொன்னார். இருவருமே அவள்மேல் உயிரையே வைத்திருப்பவர்கள். இருமல் நின்ற வாரமே ஸ்பேசரைக் கழுவிக் காயவைத்து ஃபிரிட்ஜ் மேல் தூக்கி வைத்துவிட்டேன். மாசியில் மறுபடி இழுத்தது. அப்போதுதான் அந்த அக்கா இந்த இடத்தைச் சொன்னார்.

மேலூர் ரோட்டில் ஒத்தக்கடை தாண்டி உள்ளே போகிற ஒரு கிராமம். அங்கே ஒரு வைத்தியர், ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் பார்ப்பார். காலை ஆறு மணிக்கே எங்களுக்கு டோக்கன் 43. சிவகங்கை, திண்டுக்கல் என்று எங்கெங்கிருந்தோ வேன் பிடித்து வந்திருந்தார்கள். பாதிப் பேர் மடியில் கைப்பிள்ளை. வாசல் பலகையில் 'ஆஸ்துமா, வீசிங், சைனஸ்: நிரந்தரத் தீர்வு' என்று எழுதியிருந்தது. அவர் என் மகளின் நாடியைப் பிடித்தார். நெஞ்சில் கைகூட வைக்கவில்லை. முப்பது பொட்டலம் 1,500 ரூபாய். வெளிறிய ரோஸ் நிறப் பொடி, தேனில் குழைத்துக் காலையில் ஒருவேளை.

"என்ன மருந்துங்கய்யா இது?"

"எங்க தாத்தா காலத்து மூலிகை, தாயி. பேரைச் சொன்னா பலிக்காது. புளி, தயிர், வாழைப்பழம் கூடாது. அந்தப் பஃப்பைத் தூக்கி எறிஞ்சிருங்க."

மூன்றாவது நாள் இழுப்பு நின்றது. சுத்தமாக நின்றது. மூன்று மாதமாகத் தூக்கமில்லாமல் கிடந்த வீட்டில் எல்லோரும் விடியும் வரை தூங்கினோம். அந்த மனிதரைக் கையெடுத்துக் கும்பிட்டேன். எங்கள் தெருவிலேயே இரண்டு குடும்பத்துக்கு நானே வழி சொல்லி அனுப்பினேன். அதை நினைத்தால்தான் இன்னும் வயிறு எரிகிறது.

அப்புறம் பிள்ளைக்குப் பசி எடுக்க ஆரம்பித்தது. ஒரு இட்லியோடு ஓடுகிறவள் நாலு இட்லி சாப்பிட்டுவிட்டு இன்னும் கேட்டாள். கன்னம் உப்பியது, முகம் உருண்டையானது. கல்யாண வீட்டில் பார்த்தவர்கள் எல்லாம் "இப்பத்தான் பிள்ளை தேறியிருக்கு" என்றார்கள். நெற்றியோரத்தில் பூனைமுடி இறங்கியதைப் பார்த்தேன், பெரிதாக நினைக்கவில்லை. எங்கள் அடுப்படி நிலைக்கதவில் ஒவ்வொரு மாதமும் பென்சிலால் கோடு போட்டு அவள் உயரத்தைக் குறிப்பது வழக்கம். தையில் போட்ட கோட்டுக்கும் மாசிக் கோட்டுக்கும் நடுவில் கொஞ்சம் இடைவெளி இருக்கிறது. பங்குனி, சித்திரை, வைகாசி, ஆனி எல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாகத் தடித்த ஒரே கோடு. இந்த வயதில் வருடத்துக்கு 6, 7 சென்டிமீட்டர் வளர வேண்டிய பிள்ளை. நானே போட்ட கோடு, நானே பார்க்கவில்லை.

ஆடியில் அவர்கள் ஊர் முளைப்பாரி என்று இரண்டு ஞாயிறு பார்க்கவில்லை. பொடி தீர்ந்து ஐந்தாறு நாள் இருக்கும், பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தது. சாப்பிட்டதெல்லாம் வாந்தி. சாயங்காலத்துக்குள் துவண்டு விழுந்துவிட்டாள், கூப்பிட்டால் கண் திறக்க முடியவில்லை. இழுப்பும் சேர்ந்துகொண்டது. ராத்திரி பதினொரு மணிக்கு ஆட்டோவில் போட்டுக் கோரிப்பாளையம் பெரியாஸ்பத்திரிக்கு ஓடினோம்.

பணி மருத்துவர் முதலில் கவுனைத் தூக்கிவிட்டு, கடிகாரத்தைப் பார்த்தபடி முழுசாக ஒரு நிமிடம் மூச்சை எண்ணினார். 58. ஒன்றிலிருந்து ஐந்து வயது வரை அமைதியாக இருக்கும் பிள்ளைக்கு 40 அல்லது அதற்கு மேல் போனாலே வேக மூச்சு. இரண்டு மாதம் முதல் ஒரு வயதுக்குள் என்றால் 50, இரண்டு மாதத்துக்குக் கீழே 60. மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே பள்ளம் விழுந்தாலோ, மூக்கு விடைத்தாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, தண்ணீர்கூடக் குடிக்க முடியாமல் பிள்ளை சோர்ந்தாலோ, எண்ணிக்கொண்டெல்லாம் இருக்க வேண்டாம், உடனே 108-ஐக் கூப்பிட வேண்டும். இதையெல்லாம் அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

அடுத்து அவர் முகத்தைப் பார்த்தார். நெற்றி முடியை விரலால் தடவிப் பார்த்தார்.

"நாட்டுப் பொடி ஏதாச்சும் குடுக்குறீங்களாம்மா?"

"இல்லைங்க டாக்டர்."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. திட்டுவார் என்ற பயமாக இருக்கலாம். அவர் திட்டவில்லை. "நீங்க சொன்னாத்தான் என்ன ஊசி போடணும்னு எனக்குத் தெரியும்" என்றார். என் கணவர் சட்டைப்பையிலிருந்து கடைசியாகப் பிரித்த பொட்டலத்தின் காகிதத்தை எடுத்து நீட்டினார். அந்தக் காகிதம்தான் அன்று என் பிள்ளையைக் காப்பாற்றியது. ஆக்சிஜன், நெபுலைசர், குளுக்கோஸ் எல்லாவற்றோடும் ஸ்டீராய்டு ஊசியும் உடனே போட்டார்கள்.

அவர் விளக்கியது இதுதான். அந்தப் பொடியில் ஸ்டீராய்டு, அதாவது கார்டிசால் மாதிரியே வேலை செய்யும் மருந்து, கலந்திருக்கும் என்று அவருக்குச் சந்தேகம். சிறுநீரகத்துக்கு மேலே தொப்பி மாதிரி அட்ரீனல் சுரப்பி இருக்கிறது. உடம்புக்கு வேண்டிய கார்டிசால் என்ற ஹார்மோனை அதுதான் சுரக்கிறது. வெளியிலிருந்து தினமும் ஸ்டீராய்டு போய்க்கொண்டே இருந்தால் அது தன் வேலையை நிறுத்திவிடும். திடீரென்று பொடி நின்று, அந்த நேரம் பார்த்துக் காய்ச்சலும் வந்தால், தாங்கிக்கொள்ள உடம்பில் எதுவும் இருக்காது. ரத்த அழுத்தமும் சர்க்கரையும் இறங்கி உயிருக்கே ஆபத்தாகிவிடும். ரத்தப் பரிசோதனையில் அவளுக்குக் கார்டிசால் அளவு மிகக் குறைவாக இருந்தது. உப்பிய முகம், பசி, முடி, நின்றுபோன உயரம், எல்லாம் ஒரே கதைதான். இதனால்தான் ஆரம்பத்திலேயே சொன்னேன், சட்டென்று நிறுத்தாதீர்கள் என்று. மருத்துவர்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

"அப்ப பஃப்பும் ஸ்டீராய்டுதானே?" என்று கேட்டேன். ஆமாம், தடுக்கிற பஃப்பில் இருப்பதும் ஸ்டீராய்டுதான். ஆனால் அது மைக்ரோகிராம் கணக்கு, நேராக நுரையீரலுக்குப் போகிறது. வாய்வழியே கொடுக்கும் ஸ்டீராய்டு மாத்திரையில் மில்லிகிராம் கணக்கு. ஒரு மில்லிகிராம் என்றால் 1000 மைக்ரோகிராம். நான் பயந்து ஃபிரிட்ஜ் மேல் வைத்தது சின்னதை, தேனில் குழைத்துக் கொடுத்தது பெரியதாகத்தான் இருக்க வேண்டும். அதுவும் எவ்வளவு என்று கணக்கே தெரியாமல்.

சித்த மருத்துவத்தைக் குறை சொல்லவில்லை. எங்கள் வீட்டில் ஆடாதொடைக் கசாயம் குடித்து வளர்ந்தவர்கள்தான் எல்லோரும். ஆனால் கடையில் விற்கும் முறையான சித்த மருந்து என்றால் அட்டையில் தயாரிப்பு உரிமம் எண், பேட்ச் எண், தேதி, என்னென்ன சேர்ந்திருக்கிறது என்ற பட்டியல் எல்லாம் இருக்க வேண்டும். கொடுப்பவருக்குப் பதிவு எண் இருக்க வேண்டும். இன்னொன்று, எந்த மருந்தும் ஆஸ்துமாவைக் குணப்படுத்தும் என்று சொல்லிக்கொள்ளவே 1945-ஆம் ஆண்டு மருந்து விதிகளின் ஜே அட்டவணைப்படி அனுமதி கிடையாது. அந்த வாசல் பலகையே சட்டத்துக்குப் புறம்பானது. தெரிந்திருந்தால் வாசலோடு திரும்பியிருப்போம்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு என் கணவர் அங்கே போய்க் கேட்டார். "பத்தியம் தப்பிட்டீங்க தம்பி, பிள்ளைக்குத் தயிர் குடுத்திருப்பீங்க" என்றாராம். பில் கேட்டதற்கு, "இது கடை இல்ல, தர்மத்துக்குப் பார்க்கிற வைத்தியம்" என்றாராம். ஐந்து மாதத்தில் 7,500 ரூபாய் வாங்கிய தர்மம்.

மகள் இப்போது கார்டிசாலுக்குப் பதிலாகக் கொடுக்கும் ஹைட்ரோகார்டிசோன் மாத்திரையில் இருக்கிறாள், சிறுகச் சிறுகக் குறைக்கிறார்கள். காய்ச்சல் வந்தால் அளவைக் கூட்ட வேண்டும், வாந்தி எடுத்தால் உடனே ஆஸ்பத்திரி. அதை ஒரு அட்டையில் எழுதி அங்கன்வாடி டீச்சரிடமும் கொடுத்திருக்கிறேன். ஸ்பேசர் ஃபிரிட்ஜ் மேலிருந்து இறங்கி, அவள் பல்துலக்கும் இடத்திலேயே இருக்கிறது. பஃப் அடித்ததும் வாய் கொப்பளித்துவிடுவாள்.

நான் வழி சொல்லி அனுப்பிய இரண்டு வீட்டுக்கும் நேரில் போய்ச் சொல்லிவிட்டேன். ஒரு வீட்டில் பொடியை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போனார்கள். இன்னொரு வீட்டில் "எங்க பிள்ளைக்கு நல்லாத்தான கேக்குது" என்றார்கள். நாளைக்கு மறுபடி போவேன்.

மருத்துவரிடம் போன வீட்டுக்காரர்கள் தங்களுடைய பொட்டலங்களில் இரண்டைத் தந்தார்கள். அதையும் எங்கள் காகிதத்தையும் வைத்துப் புகார் கொடுத்திருக்கிறோம். பொடியின் ஆய்வக முடிவு இன்னும் வரவில்லை, அதனால் அவர் பெயரையும் ஊரையும் இங்கே எழுதவில்லை. ஒத்தக்கடைப் பக்கம் ரோஸ் நிறப் பொடி வாங்கியவர்கள் யாராவது இருந்தால், மீதியைக் கொட்டிவிடாதீர்கள். வாங்கிய தேதியை மேலே எழுதிப் பத்திரமாக வையுங்கள், எங்களைத் தொடர்புகொள்ளுங்கள்.