குடும்பத்தோடு பண்டிகை ஓட்டம்: எல்லோரும் 5 கி.மீ.யா, பிரிந்து 10 கி.மீ.யா?

ஆண்டுக் கடைசியில் வரும் கிறிஸ்துமஸ் ஓட்டத்தில் இரண்டு வருடமாகக் கலந்துகொள்கிறோம். ஒன்பது வயது மகன், மனைவி, அறுபத்தாறு வயது அப்பா, அக்கா, ஒரு நண்பன், நான் என்று ஆறு பேர். போன வருடம் பிரிந்து ஓடினோம்: நானும் நண்பனும் 10 கி.மீ., மற்ற நால்வரும் 5 கி.மீ. இந்த வருடம் ஆறு பேருமே 5 கி.மீ.க்குப் பெயர் கொடுத்தோம். இரண்டையும் செய்து பார்த்தபிறகு சொல்கிறேன், இனிமேல் எங்கள் வீட்டில் பண்டிகை ஓட்டம் என்றால் சேர்ந்து 5 கி.மீ.தான்.

எல்லோருக்கும் தெரிந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஓடியே பழக்கமில்லாதவரையும் 9 வாரத்தில் 5 கி.மீ.க்குத் தயார் செய்யும் ‘கவுச் டு 5கே’ போன்ற பயிற்சித் திட்டங்கள் இருக்கின்றன. 10 கி.மீ. என்றால் அதற்கு மேலும் உழைக்க வேண்டும். நடந்தே போனாலும் 5 கி.மீ. ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். 10 கி.மீ.யை நடந்தால் இரண்டு மணி நேரம் ஆகும், அதற்குள் கட்-ஆஃப், அதாவது ஓட்டத்தை முடிக்கக் கொடுத்த கடைசி நேரம், வந்துவிடுமா என்று கணக்குப் பார்க்க வேண்டியிருக்கும்.

தூரம் கூடினால் கொண்டாட்டம் குறையும் என்று நான் சொல்லவில்லை. அமெரிக்காவின் பஃபலோ நகரில் 1896-இல் தொடங்கி, நன்றி தெரிவித்தல் நாளன்று நடந்துவரும் ஓட்டம் 8 கி.மீ. பிரேசிலின் சாவ் பாவ்லோவில் 1925-இல் தொடங்கி, டிசம்பர் 31 அன்று நடக்கும் சாவ் சில்வெஸ்ட்ரே ஓட்டம் இப்போது 15 கி.மீ. இரண்டுமே பெரிய கொண்டாட்டங்கள். எங்களுக்குச் சிக்கலாக வந்தது தூரம் இல்லை, ஒருவர் முடித்துவிட்டு இன்னொருவருக்காகக் காத்திருந்த நேரம்தான்.

போன வருடக் கணக்கைப் பாருங்கள். 5 கி.மீ. ஏழு மணிக்குக் கிளம்பியது, 10 கி.மீ. ஏழரைக்கு. மகனும் மனைவியும் 7.38-க்கு முடித்துவிட்டார்கள். அக்காவும் அப்பாவும் எட்டு மணிக்கு வந்து சேர்ந்தார்கள். நான் முடித்தபோது மணி 8.35, நண்பன் வரும்போது 8.50. ஓட்டம் முப்பத்தெட்டு நிமிடத்தில் முடிந்த பையன் அதன்பிறகு ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றுகொண்டிருந்தான். ஓடும்போது உடம்பில் இருக்கும் சூடு, நின்ற சில நிமிடங்களிலேயே இறங்கிவிடும். பனியனெல்லாம் வியர்வையில் நனைந்து, காலைக் குளிர்காற்றும் அடித்தால் பெரியவர்களே நடுங்கிப்போவார்கள். மாற்றுச் சட்டை இருந்த பையோ பொருள் காப்பிடத்தில் என் பெயரில் இருந்தது. அதற்கான சீட்டு என் பிப்பில், அதாவது சட்டையில் குத்தும் எண் அட்டையில், ஒட்டியிருந்தது. நான் வரும்வரை அதை யாரும் எடுக்க முடியவில்லை.

குளிரைக்கூட அடுத்த முறை ஏற்பாடு செய்து சமாளித்துவிடலாம். மனதில் நின்றது வேறு. மகன் முதன்முதலாக ஓடி முடித்த நேரத்தில் நான் கிளம்பி எட்டு நிமிடம் ஆகியிருந்தது, ஒரு கிலோமீட்டரைத் தாண்டி எங்கேயோ ஓடிக்கொண்டிருந்தேன். வீட்டுக்குப் போகும் வழியில், “அப்பா, நான் முடிச்சப்போ நீங்க எங்க இருந்தீங்க?” என்று கேட்டான். கோபமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். அந்தக் கேள்விக்கு அப்புறம் நான் 10 கி.மீ.க்குப் பெயர் கொடுக்கவில்லை.

சேர்ந்து ஓடுவதென்றால் யாருடைய வேகத்தில் ஓடுவது என்று கேட்பீர்கள். அதற்கு எங்களுக்குக் கைகொடுத்தது ஓட்டமும் நடையுமாகப் போகும் முறை. 1972 ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓடிய ஜெஃப் காலோவே பரவலாக்கியது. களைத்தபிறகு நடப்பதற்குப் பதிலாக, முதல் நிமிடத்திலிருந்தே இடைவெளி வைத்து நடப்பது. நானும் மகனும் ஒரு நிமிடம் ஓடி இரண்டு நிமிடம் நடந்தோம். ஓட்டத்தில் கிலோமீட்டருக்கு 7 நிமிடம், நடையில் 12 நிமிடம் என்றால், சராசரி ஏறக்குறைய பத்து நிமிடத்துக்குச் சற்றுக் குறைவாக வரும். அப்பா ஓடுவதில்லை, ஆனால் வீசி நடந்தால் கிலோமீட்டருக்குப் பத்தரை நிமிடத்துக்குக் கிட்டத்தட்ட வந்துவிடுவார். ஆகவே நாங்கள் ஓடும்போது அவர் பின்தங்குவதும், நடக்கும்போது மறுபடி நெருங்குவதுமாகவே முழுத் தூரமும் போனது. தண்ணீர் கொடுக்கும் இடத்தில் ஓரிரு நிமிடம் நின்றாலே எல்லோரும் ஒன்றுகூடிவிட்டோம். பையன் முதல் நூறு மீட்டரை வேகமாக ஓடிவிடாமல் பிடித்து வைப்பதுதான் பெரிய வேலை. அதற்காகவே அவன் கையில் என் கடிகாரத்தைக் கட்டிவிட்டேன், நேரம் சொல்லும் பொறுப்பு அவனுடையது. ஒருமுறைகூட மறக்கவில்லை.

கூட்டமாகப் போகிறவர்கள் தொடக்கக் கோட்டில் பின்னால் நிற்பதே நல்லது. பிப்பில் நேரம் கணக்கிடும் சிப் இருந்து, அதைப் பதிவுசெய்யும் பாயைத் தொடக்கத்திலும் விரித்திருந்தால், அதைத் தாண்டும்போதுதான் உங்கள் சொந்த நேரம் ஆரம்பிக்கும், பின்னால் நிற்பதால் நஷ்டமில்லை. சாலையை அடைத்துக்கொண்டு ஆறு பேர் வரிசையாகப் போகாதீர்கள். இரண்டிரண்டு பேராக ஓரமாகப் போங்கள், நடைக்கு மாறும் முன் கையை உயர்த்திக் காட்டுங்கள். பின்னால் வேகமாக வருகிறவருக்கும் அது பண்டிகைதான்.

வேஷம் போடுவதிலும் குறைந்த தூரத்துக்கே என் ஓட்டு. சாண்டா அங்கியின் தடித்த துணி காற்றை விடாது. போன வருடம் நண்பன் நான்காவது கிலோமீட்டரில் அதைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டான், மீதி ஆறு கிலோமீட்டரும் அது அவன் காலைத் தட்டிக்கொண்டே இருந்தது. இந்த வருடம் தொப்பி, ஷூ கயிற்றில் கோத்த சின்ன மணிகள், அவ்வளவுதான். வேஷம் எதுவாக இருந்தாலும் பிப் மேலே தெரியும்படி குத்துங்கள். முந்தின வாரம் ஒரு கிலோமீட்டர் அதே உடையில் ஓடிப் பார்த்துவிடுங்கள், எங்கே உரசுகிறது என்று தெரிந்துவிடும்.

பிரிந்து ஓடுவதே சரி என்று சொல்லக்கூடிய வீடுகளும் உண்டு. மாதக்கணக்கில் 10 கி.மீ.க்குப் பயிற்சி செய்தவரை நடக்கச் சொல்வது நியாயமில்லை. பிள்ளைகள் பெரியவர்கள், தனியாகச் சமாளிப்பார்கள் என்றாலும் காத்திருப்பு ஒரு பொருட்டாக இருக்காது. 10 கி.மீ. முன்னதாகக் கிளம்பி, 5 கி.மீ. அரை மணி கழித்துக் கிளம்பினால் எல்லோரும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் முடிக்கவும் வாய்ப்பிருக்கிறது. ஆகவே தூரத்தைத் தேர்ந்தெடுக்கும் முன் கிளம்பும் நேரங்களைப் பார்த்து, ஒவ்வொருவரும் எத்தனை மணிக்கு முடிப்பார் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். கைக்குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்து ஓடிய அனுபவம் எனக்கு இல்லை, அதைப் பற்றி ஓடியவர்களிடம்தான் கேட்க வேண்டும். நான் சொல்வதெல்லாம் ஒரே வீட்டின் இரண்டு வருட அனுபவம்.

நண்பன் அடுத்த வருடம் மறுபடி 10 கி.மீ. என்கிறான். ஓடட்டும், நல்ல ஓட்டக்காரன். இந்த முறை கடைசி ஐம்பது மீட்டரில் அப்பாவும் ஓடினார். ஆறு பேரும் கைகோத்து முடிவுக் கோட்டைத் தாண்டினோம், 53 நிமிடம். முடிவுப் பட்டியலில் மகன் மட்டும் எங்களைவிட ஒரு நொடி முன்னால் இருக்கிறான். கடைசி அடியில் காலை நீட்டி வைத்திருக்கிறான்.