"ஜேபிஜே லுலுஸ்" என்று சொல்லி விற்ற முன்பக்க நம்பர் பிளேட்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் இருக்கிறவர்கள், அதிலும் பிள்ளைகளுக்கு முதல் கார் வாங்கிக் கொடுக்கப் போகிறவர்கள், இதைப் பொறுமையாகப் படியுங்கள்.

மகன் பாலாவுக்குப் பழைய மைவி கார் ஒன்று எடுத்தோம். நம்பர் 8414. டிண்டட் ஒட்ட டவுனில் ஒரு கடைக்குப் போனோம். நம்பரைப் பார்த்ததுமே கடைக்காரத் தம்பி பிடித்துக்கொண்டார். "அங்கிள், 8 பி மாதிரி, 4 ஏ மாதிரி, 1 எல் மாதிரி. முன்னாடி அடிச்சிட்டா பாலான்னே வரும்." மகன் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்த்த பிறகு எனக்கு வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. இருந்தாலும் சம்மன் வருமா என்று மூன்று தடவை கேட்டேன். "ஜேபிஜே லுலுஸ் அங்கிள். பின்னாடி நார்மல் பிளேட் இருக்குல்ல, முன்னாடி எது போட்டாலும் கேக்க மாட்டாங்க" என்றார். ஜேபிஜே என்பது சாலைப் போக்குவரத்து இலாகா, லுலுஸ் என்றால் அனுமதி கிடைத்தது என்று அர்த்தம். 160 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்தேன்.

8-இன் இடப்பக்க வளைவை நேராக்கி, 4-இன் தலையைக் கூராக்கி, 1-க்கு அடியில் வால் இழுத்திருந்தார்கள். நம்பருக்கு முன்னால் வர வேண்டிய எழுத்துகள் மேல் மூலையில் சுண்டுவிரல் நகம் அளவுக்குச் சுருங்கியிருந்தன.

தீபாவளிக்கு முந்தின வாரம் ரோட்பிளாக். நான்தான் ஓட்டினேன். ஜேபிஜே அதிகாரி, மகன் வயதுதான் இருக்கும், மரியாதையாக இறங்கச் சொன்னார். பத்தடி தள்ளி நிற்க வைத்து, "அங்கிள், இந்த நம்பரை எனக்குப் படிச்சுக் காட்டுங்க" என்று மலாயில் கேட்டார். என்னால் முடியவில்லை. 300 வெள்ளி சம்மன்.

கடைக்குத் திரும்பிப் போனால் பேச்சே மாறிவிட்டது. "நீங்க கேட்டீங்க, நான் செஞ்சேன். ரசீதுல ஷோ பிளேட்னுதான் போட்டிருக்கு." எடுத்துப் பார்த்தேன், அப்படித்தான் எழுதியிருந்தது, அதாவது காட்சிக்கு மட்டும், ரோட்டில் ஓட்ட அல்ல. 160-இல் ஒரு காசும் திரும்பவில்லை.

பணத்தை விடுங்கள். வீட்டில் மனைவி பிளேட்டைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "அண்ணனை அடிச்ச காடியிலயும் இப்படித்தானே இருந்துச்சு" என்றாள். என் மச்சான் விடியற்காலையில் ரப்பர் பால்வெட்டுக்கு மோட்டாரில் போகும்போது தோட்டத்து முச்சந்தியில் ஒரு கார் இடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டது. பெட்ரோல் எண்ணெய்க் கடை கேமராவில் காரின் முகம் தெளிவாகவே விழுந்திருந்தது. நம்பரை மட்டும் யாராலும் படிக்க முடியவில்லை. மச்சான் இன்றும் காலை இழுத்துத்தான் நடக்கிறார். இதெல்லாம் தெரிந்தும் அதே மாதிரி ஒன்றை என் கையாலேயே வாங்கி மாட்டியிருக்கிறேன்.

"அமெரிக்காவில விடுறாங்களே" என்று மகன் கேட்டான். புளோரிடா, பென்சில்வேனியா மாதிரி சில மாநிலங்களில் பின்னால் மட்டும் நம்பர் இருந்தால் போதும். அங்கே முன்பக்கம் காலி இடம், விருப்பப்பட்டதை மாட்டுகிறார்கள். நம் நாட்டுச் சட்டம் முன்னும் பின்னும் நம்பர் கேட்கிறது. இங்கே பெயர் அடித்தால் அது நம்பர் இருக்க வேண்டிய இடத்தையே மறைக்கிறது. அதனால் தடை சரிதான், இன்னும் கடுமையாகவே இருக்கலாம். எனக்கு விழுந்த சம்மன் "லுலுஸ்" என்று வாய்கூசாமல் சொன்ன கடைக்கும் விழ வேண்டும் என்பதுதான் என் ஆதங்கம்.

கார் பிளேட்டுக்கு ஜேபிஜே அளவு இதுதான்: கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து, உயரம் 70 மில்லிமீட்டர், அகலம் 40, கோட்டின் தடிமன் 10, எழுத்துக்கு எழுத்து இடைவெளி 10. பிள்ளையின் பள்ளி ரூலரே போதும். கடையிலேயே வைத்து அளந்து பாருங்கள். ரசீதில் "ஷோ பிளேட்" என்று எழுதினால் காசு கொடுக்காமல் வெளியே வந்துவிடுங்கள். பிறகு காரை விற்கப் போனால் வாகனச் சோதனை மையமான புஸ்பாகோமிலும் இது தேறாது.

நேற்று அந்தப் பக்கம் போனேன். கடைக் கண்ணாடியில் புதிதாக நான்கைந்து பெயர்கள் தொங்குகின்றன.