2014ல் வாங்கிய டெஸ்க்டாப்: கிராஷ் ஆன ஒவ்வொரு முறையும் என்ன செய்தேன்

2014 டிசம்பரில் சிங்கப்பூரின் சிம் லிம் ஸ்குவேர் கடைத்தொகுதியில் ஒவ்வொரு பாகமாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்து வாங்கிய கம்ப்யூட்டர் இது. இன்டெல் கோர் ஐ5-4590 சிபியு (கணக்கிடும் மூளைச் சில்லு), பி85 சிப்செட் மதர்போர்டு (எல்லாப் பாகமும் இணையும் பலகை), 4 ஜிபி டிடிஆர்3 ராம் (ஓடும் நிரல்களின் தகவலைத் தற்காலிகமாக வைத்திருக்கும் நினைவகம்) இரண்டு, 1 டிபி ஹார்ட் டிஸ்க். 2018ல் 240 ஜிபி எஸ்எஸ்டி (ஹார்ட் டிஸ்க்கைவிட வேகமான சேமிப்பகம்) ஒன்று சேர்த்தேன். அதில் கிடைத்த வேகம் வேறு எந்த மாற்றத்திலும் கிடைக்கவில்லை. ஆனால் நான் எழுத வந்தது இது வேகமாக ஓடிய நாட்களைப் பற்றியல்ல, படுத்துக்கொண்ட நாட்களைப் பற்றி.

முதல் தடவை 2020 ஏப்ரல். கோவிட் பரவலுக்காக 'சர்க்கிட் பிரேக்கர்' என்ற ஊரடங்கு தொடங்கியிருந்த நேரம். மகள் அப்போது தொடக்கநிலை ஐந்து. ஈசூனில் எங்கள் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டின் கூடத்து மூலையில் இருந்த இந்தப் பெட்டிதான் அவளுக்கு வகுப்பறை. தமிழ்ப் பாடம் நடந்துகொண்டிருக்கும்போதே திரை நீலமாகி, தானாக ரீஸ்டார்ட் ஆகிவிடும். "அப்பா, மறுபடியும் நீலமா வந்துருச்சு!" என்று மூன்றாவது நாள் அவள் அழுதேவிட்டாள். கடைகள் பெரும்பாலும் மூடியிருந்தன. நானே பார்த்தாக வேண்டிய நிலை.

அன்றிரவே விண்டோஸை அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டேன். அது தவறு. ஓர் இரவு முழுக்கப் போனதுதான் மிச்சம். இரண்டே நாளில் புது விண்டோஸும் விழுந்தது. முதலில் செய்திருக்க வேண்டியது வேறு: விண்டோஸின் ஸ்டார்ட்அப் அண்ட் ரெகவரி பகுதியில் 'ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட்' என்பதில் இருக்கும் டிக்கை எடுத்துவிடுவது. அப்போதுதான் நீலத் திரை அப்படியே நிற்கும், அதில் உள்ளதை நிதானமாகப் படிக்கலாம். ஒரு நாள் 'மெமரி மேனேஜ்மென்ட்' என்று வந்தது. மறுநாள் 'ஐஆர்க்யூஎல் நாட் லெஸ் ஆர் ஈக்வல்'. அதற்கடுத்து 'பேஜ் ஃபால்ட் இன் நான்பேஜ்டு ஏரியா'. மூன்று பெயர் என்றதும் மூன்று கோளாறு என்று பயந்துபோனேன். உண்மையில் செய்தி ஒவ்வொரு முறையும் மாறுகிறது என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது ராமைத்தான். ராமில் ஒரு இடம் கெட்டிருந்தால், அந்த நேரத்தில் அங்கே யாருடைய தகவல் இருந்ததோ அவர்தான் விழுவார். இன்று பிரவுசர், நாளை ஏதோ ஒரு டிரைவர்.

ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ நிரலை யுஎஸ்பியில் ஏற்றி, அதிலிருந்தே பூட் செய்து இரவு முழுக்க ஓட விட்டேன். அங்கே விண்டோஸே கிடையாது. ஆகவே பிழை வந்தால் சாஃப்ட்வேர் மேல் பழி போட முடியாது. காலையில் எழுந்து பார்த்தால் திரையெங்கும் சிவப்பு வரிகள். ராம் இரண்டையும் கழற்றி, ஒன்றை மட்டும் போட்டு ஓட்டினேன், பிறகு அதே ஸ்லாட்டில் மற்றதை. இரண்டாவதில் மட்டும்தான் பிழை. அதன் தங்கநிறப் பற்களைச் சன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தபோது மெல்லிய மங்கல் படிந்திருந்தது. சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தாண்டும் ஊர் இது. பகலெல்லாம் சன்னல் திறந்து கிடக்கும் வீடு. மகளின் வெள்ளை ரப்பரால் அந்தப் பற்களை மெதுவாகத் தேய்த்து, துகளைத் தூரிகையால் தட்டி, மீண்டும் பொருத்தினேன். இரண்டு சுற்று ஓடியும் ஒரு பிழை இல்லை.

மூன்று மாதம் நன்றாக ஓடியது. பிறகு அதே ராம் மறுபடியும் காலை வாரியது. இந்த முறை எந்த ஸ்லாட்டில் போட்டாலும் பிழை வந்ததால் ஸ்லாட் மேல் குறையில்லை என்று தெரிந்துவிட்டது. பழைய 4 ஜிபி ராம் ஒன்றை 15 சிங்கப்பூர் வெள்ளிக்கு வாங்கிப் போட்டேன். இன்றுவரை அதுதான் ஓடுகிறது.

அப்போதுதான் மகளின் பழைய பள்ளி நோட்டு ஒன்றை எடுத்து எழுத ஆரம்பித்தேன். தேதி, மணி, யார் உட்கார்ந்திருந்தார்கள், என்ன திறந்திருந்தது, திரையில் என்ன வந்தது, அதற்குப் பிறகு நான் எதை மாற்றினேன். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்றுவேன். இரண்டை ஒன்றாக மாற்றினால், சரியான பிறகும் எதனால் சரியானது என்று தெரியாது.

2022ல் வந்தது வேறு மாதிரி. நீலத் திரையே இல்லை. பட்டென்று அணைந்து திரும்ப எழும். விண்டோஸ் நடந்ததைப் பதிவு செய்யும் ஈவன்ட் வியூவரில் 'கெர்னல்-பவர் 41' என்று மட்டும் இருக்கும். இந்த 41ஐப் பார்த்துப் பலர் குழம்புகிறார்கள். ஒழுங்காக ஷட்டவுன் ஆகாமல் மெஷின் திரும்ப எழுந்திருக்கிறது, அவ்வளவுதான் அதன் பொருள். ஏன் என்று அது சொல்லாது. அதன் விவரப் பகுதியில் 'பக்செக்கோட்' என்ற எண்ணைத்தான் பார்க்க வேண்டும். அங்கே 26 என்று இருந்தால் அதை ஹெக்ஸுக்கு (16ஐ அடியாகக் கொண்ட எண் முறை) மாற்றுங்கள், 1ஏ வரும். அதுதான் அந்த மெமரி மேனேஜ்மென்ட். 292 என்றால் ஹெக்ஸில் 124, வன்பொருள் பிழை. என்னுடையதில் பூஜ்யம். விண்டோஸுக்கு எதையும் எழுதிவைக்கக்கூட அவகாசம் இல்லாமல் போயிருக்கிறது என்று அர்த்தம்.

பெட்டியை ஒரு கடைக்குத் தூக்கிப் போனேன். ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு மதர்போர்டு போய்விட்டது, புதிதாக வாங்குங்கள் என்றார்கள். எதையும் அளந்து பார்க்கவில்லை. இன்றும் எனக்கு அதில் வருத்தம் உண்டு. நம்பி வரும் பெரியவர்கள் எத்தனை பேர் நல்ல மெஷினைத் தூக்கிப் போட்டிருப்பார்கள்?

வீட்டுக்கு வந்து நோட்டைப் புரட்டினேன். ஒன்பது பதிவில் ஏழு, மாலை ஏழுக்கும் எட்டுக்கும் இடையில். மனைவியிடம் காட்டினேன். "ஏழு மணிக்குத்தானே நான் அயர்ன் போடுறேன்? அதே எக்ஸ்டென்ஷன்லதான் குத்துறேன்" என்றாள். கம்ப்யூட்டரைத் தனிச் சாக்கெட்டுக்கு மாற்றினேன். வாரம் ஒரு முறை என்பது மாதம் ஒரு முறையாகக் குறைந்தது. குறைந்ததே தவிர நிற்கவில்லை, ஆகவே அயர்ன் பாக்ஸ் மட்டும் காரணமில்லை. மல்ட்டிமீட்டர் எடுத்து, பவர் சப்ளையிலிருந்து வரும் நான்கு பின் கனெக்டரில் மஞ்சள் வயருக்கும் கறுப்பு வயருக்கும் இடையே அளந்தேன். சும்மா இருக்கும்போது 11.9 வோல்ட். வீடியோ ஒன்றை வேறு வடிவத்துக்கு மாற்றக் கொடுத்து வேலை வாங்கியதும் 11.2க்கு இறங்கியது. மஞ்சள் வயரில் வர வேண்டியது 12 வோல்ட், அதில் 5 விழுக்காடு வரைதான் ஏற்ற இறக்கம் அனுமதி, அதாவது 11.4க்குக் கீழே போகக்கூடாது. எட்டு வருடம் ஓடிய பவர் சப்ளையின் கெப்பாசிட்டர்கள் (மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் பாகங்கள்) தளர்ந்துவிட்டன. மெயின் மின்சாரம் கண நேரம் தாழ்ந்தால் தாங்கிப் பிடிக்க வேண்டியவை அவைதான்.

450 வாட் புதிய பவர் சப்ளை ஒன்றை 70 வெள்ளிக்கு வாங்கினேன். மாட்டியதும் சரியாகிவிட்டது என்று நம்பிவிடவில்லை. வேண்டுமென்றே அதே எக்ஸ்டென்ஷனில் திரும்ப மாட்டி, நான்கு மாலை மனைவியை அங்கேயே அயர்ன் போடச் சொன்னேன். ஒரு முறைகூட விழவில்லை. அதற்குப் பிறகுதான் தனிச் சாக்கெட்டுக்குக் கொண்டுபோனேன். ஒரு எச்சரிக்கை: பவர் சப்ளை பெட்டியை மட்டும் திறக்காதீர்கள். நம் 230 வோல்ட் மின்சாரம் உள்ளே சுமார் 325 வோல்ட்டாகக் கெப்பாசிட்டரில் தேங்கி நிற்கும், பிளக்கைக் கழற்றிய பிறகும்.

2023ல் சூடு. பூஜை அலமாரி கம்ப்யூட்டருக்கு அடுத்துதான். வெள்ளிக்கிழமைதோறும் சாம்பிராணி போடுவோம். சமையலறையும் கூடத்தை ஒட்டியே இருக்கிறது. பக்கவாட்டு மூடியைக் கழற்றிப் பார்த்தேன். சிபியு விசிறியின் இதழ்களில் படிந்திருந்தது வெறும் தூசு இல்லை. புகையும் தாளிப்பு எண்ணெயும் தூசோடு கலந்து, பிசைந்த மாவு போல விரலில் ஒட்டியது, சாம்பிராணி வாசனையோடு. ஹீட்சிங்கின் (சிபியுவின் சூட்டை இழுத்து வெளியேற்றும் உலோகப் பாகம்) தகடுகளுக்கு இடையே கம்பளித் துணி போல ஒரு படலம். ஊதினால் போகிற ரகமில்லை. விசிறியைக் கழற்றி, பழைய டூத்பிரஷை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் தொட்டு ஒவ்வொரு தகடாகத் தேய்த்தேன். சிபியுவுக்கும் ஹீட்சிங்குக்கும் இடையே பூசும், காய்ந்து சுண்ணாம்பாகியிருந்த தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்துப் புதிது வைத்தேன்.

அப்படியும் வீடியோ அழைப்பில் சிபியுவின் சூடு 95 டிகிரி. மனம் விட்டுப் போனது. டார்ச் அடித்துப் பார்த்தால், கூலரை (ஹீட்சிங்கும் விசிறியும் சேர்ந்தது) போர்டோடு பிடித்திருக்கும் நான்கு பிளாஸ்டிக் பின்களில் ஒன்று முழுசாக இறங்காமல் நிற்கிறது. கூலர் ஒரு பக்கம் லேசாகத் தூக்கிக்கொண்டிருந்தது. 'டக்' என்று சத்தம் வரும்வரை அழுத்தினேன். அதே அழைப்பில் 66. முதலிலேயே அந்த நான்கு பின்களையும் தொட்டுப் பார்த்திருக்கலாம். இப்போது ஆறு மாதத்துக்கு ஒரு முறை சுத்தம் செய்கிறேன். சாம்பிராணி போடும் நேரத்தில் கம்ப்யூட்டர் அணைந்திருக்கும்.

சின்னச் சின்னவையும் உண்டு. கம்ப்யூட்டரின் கடிகாரம் பின்னோக்கிப் போனபோது போர்டில் உள்ள சிஆர்2032 பட்டன் பேட்டரியை மாற்றினேன். ஹார்ட் டிஸ்க் தன் நிலையைத் தானே குறித்துவைக்கும் 'ஸ்மார்ட்' விவரத்தில் சிஆர்சி பிழை (தகவல் கேபிள் வழியே போகும்போது வரும் பிழை) எண்ணிக்கை ஏறியபோது டிஸ்க்கை மாற்றாமல் அதைப் போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிளை மட்டும் மாற்றினேன், ஏறுவது நின்றது.

2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 (ஒரு பாதுகாப்புச் சில்லு) வேண்டும், இன்டெல் சிபியு என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையாவது வேண்டும். என்னுடையது நான்காம் தலைமுறை. அதனால் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளத்தைப் போட்டேன். தமிழ் 99 விசைப்பலகை இருக்கிறது, மனைவி அதில்தான் ஊருக்கு மின்னஞ்சல் எழுதுகிறாள். ஸ்லீப்பிலிருந்து எழும்போது சில நேரம் நெட் வருவதில்லை. அதனால் வேலை முடிந்ததும் முழுதாக அணைத்துவிடுகிறோம்.

இனி இதில் ராம் போனாலோ எஸ்எஸ்டி போனாலோ மாற்றுவேன். சுத்தம் செய்யும் ஒவ்வொரு முறையும் போர்டில் சிபியு பொருந்தும் சாக்கெட்டைச் சுற்றியுள்ள கெப்பாசிட்டர்களின் தலையை டார்ச் அடித்துப் பார்க்கிறேன். இதுவரை எல்லாம் தட்டையாக இருக்கின்றன. அவற்றில் ஒன்று உப்பினால் போர்டு முடிந்தது. இந்த வகை சிபியு சாக்கெட்டுக்கு இனிக் கிடைப்பது யாரோ ஓட்டித் தேய்த்த பழைய போர்டுதான், அதற்குக் காசு போட மாட்டேன். அன்றைக்கு எஸ்எஸ்டியை மட்டும் கழற்றி வைத்துக்கொண்டு பெட்டியை மின்கழிவுக்குக் கொடுத்துவிடுவேன்.